விரிசல் விட்ட எஞ்சின் கூடு: பசையா, பற்றவைப்பா, பழைய இரும்புக் கடையா?

தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போக அதுவே துணை. பிள்ளையைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் கொண்டுபோய் விடவும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரவும், இரவு நேரத்தில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் அதுவே வாகனம். அந்த வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு நாள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிகிறது. துடைத்துப் பார்த்தால், அலுமினியக் கூட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்?

அநேகமாக அன்று மாலையே கடைக்குப் போய் இரண்டு குழாய் பசை வாங்கி வந்து அப்பிவிடுவார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கசியும். மறுபடியும் அப்புவார். பிறகு பட்டறைக்குக் கொண்டு போவார். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான்" என்பார். ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

இந்த மூன்று படிகளில் பழுது எங்கே நேர்ந்தது என்று கேட்டால், முதல் படியிலேயே என்றுதான் சொல்வேன். பசை கெட்ட பொருளன்று. அதற்கென்று இடம் இருக்கிறது. ஆனால் விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம் எதைத் தாங்குகிறது என்று பார்க்காமல் முதலில் எதை வைக்கிறோமோ, அதுவே பிறகு செய்யக்கூடிய நல்ல வைத்தியத்துக்கும் குறுக்கே நின்றுவிடுகிறது. இதை விளக்கத்தான் இக்கட்டுரை.

வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓடும் வண்டி

ஊரார் கப்சாய் என்று அழைக்கும் இந்தச் சிறு வண்டிகளுக்கெல்லாம் மூதாதை, ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்ற தொழிலதிபர் ஹோண்டா வண்டிகளை 1950-களின் இறுதியிலேயே இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார். உலகம் முழுவதும் சேர்த்து 2017-இல் இந்தக் கப் வரிசை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. அவற்றில் எத்தனையோ இன்னும் நம் செம்மண் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வண்டியின் எஞ்சின் மற்ற மோட்டார் சைக்கிள்களில் உள்ளது போல நிமிர்ந்து நிற்பதில்லை. ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. ஆகவே சேலை கட்டிய பெண்களும் வயதானவர்களும் காலைத் தூக்காமல் ஏறி உட்கார முடிகிறது. அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சின் கூட்டின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. செம்பனைக் காட்டில் வெட்டிப்போட்ட மட்டையும், மழையில் அரித்துத் தலை நீட்டிய கல்லும் முதலில் உரசுவது அந்த வயிற்றைத்தான்.

கூட்டுக்குள்ளே இருக்கும் எண்ணெயோ ஒரு லிட்டருக்கும் குறைவு. காருக்கு மூன்று நான்கு லிட்டர் இருக்கும். அரை லிட்டர் குறைந்தால் அது சமாளித்துக்கொள்ளும். கப்சாயில் அரை லிட்டர் போனால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மேலே வால்வை இயக்கும் தண்டு முதலில் வறண்டு தேயும். பிறகு பிஸ்டன் இறுகிக்கொள்ளும். "கொஞ்சந்தானே கசிகிறது" என்று ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கே வெடிக்கிறது, ஏன் வெடிக்கிறது

அலுமினியக் கூடு தானாக வெடிப்பது அபூர்வம். அடி விழ வேண்டும், அல்லது அளவுக்கு மீறி முறுக்க வேண்டும். நம் வண்டிகளில் வழக்கமாகப் பழுதுபடும் இடங்கள் சிலதான்.

முதலாவது, இடப்பக்கம் முன் பல்சக்கரத்தைச் சுற்றியுள்ள பகுதி. தேய்ந்து தொங்கும் சங்கிலி ஓடும்போது அறுந்தால், அல்லது பல்லை விட்டு நழுவினால், அது சுருண்டு பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்சக்கரத்தின் வேகம் முழுவதும் அந்த முடிச்சைக் கூட்டின் மேல் அடிக்கும். உடைந்த துண்டு உள்ளே விழுவதும் உண்டு. ஒரு சங்கிலியின் விலையை மிச்சப்படுத்தப் போய்க் கூட்டையே இழப்பது இந்த வழியில்தான்.

இரண்டாவது, கால்மிதி. பலரும் கவனிக்காத இடம் இது. பல கப்சாய் வகைகளில் கால்மிதிக் கம்பி வண்டியின் சட்டத்தில் பூட்டப்படவில்லை. எஞ்சின் கூட்டின் அடியிலேயே நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் எழுந்து நின்று குழியைத் தாண்டும்போது அவருடைய முழுப் பாரமும் அந்த நான்கு காதுகளில் இறங்குகிறது. வண்டி சாய்ந்து விழுந்தால் கம்பி வளைந்து நெம்புகோலாக மாறி ஒரு காதைப் பிய்த்துவிடும்.

மூன்றாவது, எண்ணெய் வடிக்கும் நட்டு. இதை இறுக்குவதற்கு ஒரு சாண் நீள ஸ்பானரும் மணிக்கட்டின் பலமும் போதும். அதற்கு மேல் குழாய் மாட்டிக் காலால் மிதித்து இறுக்கினால், இரும்பு நட்டு ஜெயிக்கும். அலுமினிய மரை தோற்கும். மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் என்னும் சுருள் மரையைப் பதித்துச் சரிசெய்துவிடலாம். சுற்றுச்சுவரே வெடித்துவிட்டால் வேலை பெரிது.

இந்த மூன்றையும் ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், பசையா பற்றவைப்பா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெறும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சுவர் வேறு. பாரத்தைத் தாங்கும் காது வேறு. கால்மிதிக் காதிலோ, எஞ்சினைச் சட்டத்தில் தொங்கவிடும் காதிலோ விரிசல் கண்டால் அங்கே எந்தப் பசையும் கூடாது. எண்ணெய் கசியவில்லையே என்று திருப்திப்பட்டுக்கொள்ளவும் கூடாது. பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது கால்மிதி கழன்றால் என்ன ஆகும் என்பதைப் பெற்றவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஈயம் அல்ல இது

நம் பெரியவர்கள் வெள்ளையாக இருக்கும் உலோகத்தையெல்லாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அலுமினியச் சட்டியும் அவர்களுக்கு ஈயச் சட்டிதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதையும், தகரக் குவளைக்கு ஈயப் பற்று வைத்ததையும் பார்த்த கண்களுக்கு, இதையும் சூடு காட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. அலுமினியம் அப்படி அடங்கும் உலோகம் அன்று.

அதன் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிந்திருக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் உண்டாகும் ஆக்சைடு அது. அரத்தால் தேய்த்து அகற்றினாலும் உடனே மறுபடியும் படியத் தொடங்கிவிடும். சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எஞ்சின் கூடு வார்க்கும் கலப்பு உலோகத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு சிலிக்கன் இருப்பதால் அது 600 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். ஆனால் மேலே உள்ள தோல் உருகுவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலின் மேல் ஆடை கட்டியது போல, உள்ளே உலோகம் உருகிக் குழம்பாக நிற்கும். மேலே தோல் உருகாமல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாக விடும் உலோகம் பழையதோடு சேராமல் உருண்டையாகத் திரண்டு நிற்பது இதனால்தான்.

இன்னொரு குணமும் உண்டு. இரும்பைச் சுட்டால் சிவக்கும், மஞ்சளாகும். கொல்லர் நிறம் பார்த்து வேலை செய்வார். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று குழைந்து விழுந்துவிடும். வெப்பத்தையும் இரும்பைவிட வெகு வேகமாகக் கடத்தும். ஓரிடத்தில் சுட்டால் கூடு முழுவதும் சூடாகும். சூடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

இவற்றோடு எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் கூட்டை அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்தி வார்க்கிறார்கள். அப்போது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உள்ளே சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் சூடான எண்ணெயில் ஊறிய கூட்டின் விரிசலிலும் துளைகளிலும் எண்ணெய் இறங்கியிருக்கும். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கினாலும், சூடு பட்டவுடன் உள்ளிருந்து கறுப்பாகக் கொப்புளித்து வரும். புது வார்ப்பைப் பற்றவைப்பதற்கும் பழைய எஞ்சின் கூட்டைப் பற்றவைப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான் என்று அனுபவமுள்ள பற்றவைப்பாளர்கள் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி போதும்

விரிசல் எதுவரை போகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் குப்பைக்குப் போகும் சாக்கட்டித் துண்டுகளே போதும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இடத்தைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். பிறகு மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவி அரைமணி நேரம் விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டியைப் பொடித்து அந்த இடத்தில் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் மெல்ல மேலே ஊறி வந்து, வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். கண்ணுக்கு ஓர் அங்குலம் தெரிந்த விரிசல் பொடியில் இரண்டு அங்குலமாக நீள்வதைப் பார்க்கலாம். அதுவே அதன் உண்மையான நீளம். அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதை வீட்டிலேயே செய்து கோட்டின் இரண்டு முனைகளையும் மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், பேச்சே வேறு மாதிரி இருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் பேச யாரும் துணிய மாட்டார்கள்.

பசைக்கு உரிய இடம்

பாரம் தாங்காத சுவரில், மயிரிழை விரிசலில், சொட்டும் எண்ணெயை நிறுத்துவதற்கு இரண்டு பாகம் கலக்கும் எபோக்சிப் பசை பல ஆண்டுகள் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் அப்பளம் போலக் கழன்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பசையில் இல்லை. பூசுமுன் செய்த வேலையில் இருக்கிறது. எண்ணெயை வடித்து, இடத்தைக் கழுவி, கரடுமுரடான தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, விரல் படாமல் பூச வேண்டும். பசையை உள்ளே அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலே மலைபோல் குவிப்பதில் பயனில்லை. பிறகு ஒரு முழு நாள் வண்டியைத் தொடக்கூடாது. காலையில் வேலை இருக்கிறதே என்று ஆறு மணி நேரத்தில் எடுத்து ஓட்டுவதால்தான் பாதிப் பசைகள் தோற்கின்றன.

கூட்டைப் பிரிக்கும் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்புறமாகப் பூசுவதே மேல். எஞ்சின் ஓடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் வெளிப்புறப் பசையைத் தள்ளும். உட்புறப் பசையையோ சுவரோடு சேர்த்து அழுத்தும்.

ஆனால் பற்றவைக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால் பசையை நெருங்க விடாதீர்கள். விரிசலுக்குள் இறங்கிய பசை சூட்டில் கரியாகி உலோகத்தோடு கலந்து ஒட்டை ஓட்டையாக்கும். அந்த ஓரங்களையெல்லாம் குடைந்து எடுத்தால்தான் பற்றவைக்க முடியும். மயிரிழையாக இருந்தது பொத்தலாகிவிடும்.

கைப்பேசிப் படங்களில் ஒருவர் ஒரு குச்சியை எடுத்து, சிறு எரிவாயு விளக்கால் சூடு காட்டி, அலுமினியத்தில் வெண்ணெய் போலத் தடவிக் காட்டுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அது ஏமாற்று வித்தை அல்ல. துத்தநாகம் கலந்த அக்குச்சி 400 டிகிரிக்கு அருகிலேயே உருகும். அலுமினியத்தின் தோலைக் கம்பியால் சுரண்டிக்கொண்டே தடவினால் பிடிக்கவும் செய்யும். மெல்லிய தகட்டுக்கு நல்லது. ஆனால் எஞ்சின் கூடு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் பெரிய கட்டி. சிறு விளக்கால் அதை அந்த வெப்பத்துக்குக் கொண்டுவருவது கடினம். பாதிச் சூட்டில் தடவியது நகத்தால் பெயர்த்தால் வந்துவிடும். பிறகு முறையாகப் பற்றவைக்கப் போனால் அந்தத் துத்தநாகம் கொதித்துப் புகையும், ஒட்டும் கெடும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் வரும்.

முறையான பற்றவைப்பு எப்படி இருக்கும்

இரும்புக் கதவும் வேலியும் செய்யும் சாதாரணக் குச்சி வெல்டிங் இதற்கு உதவாது. வேண்டியது டிக் என்று சொல்லப்படும் முறை. உருகாத டங்ஸ்டன் ஊசியிலிருந்து மின்பொறி எழும். சுற்றிலும் ஆர்கான் வாயு ஊதிக் காற்றுப் படாமல் காக்கும். இடது கையால் அலுமினியக் கம்பியைச் சிறிது சிறிதாக ஊட்டுவார்கள். மின்சாரம் மாறுமின்னோட்டமாக இருக்க வேண்டும். அது ஒரு பக்கம் பாயும்போது மேல்தோலைச் சிதைத்து அகற்றும். மறுபக்கம் பாயும்போது உலோகத்தை உருக்கும். நொடிக்குப் பல பத்து முறை இப்படி மாறி மாறி நடக்கிறது. நான் மேலே சொன்ன 2,000 டிகிரித் தோலை வெல்லும் தந்திரம் இதுவே.

ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி, "அலுமினியம் வெல்டிங் செய்வீர்களா?" என்பதல்ல. அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். "ஏசி டிக் இயந்திரமா? ஆர்கான் இருக்கிறதா? என்ன கம்பி போடுவீர்கள்?" என்று கேளுங்கள். வார்ப்புக்கு 4043 என்ற எண்ணுள்ள கம்பியோ 4047 என்ற எண்ணுள்ள கம்பியோ வழக்கம். முன்னதில் நூற்றுக்கு ஐந்து பங்கும், பின்னதில் பன்னிரண்டு பங்கும் சிலிக்கன் இருக்கும். பதில் தயங்காமல் வந்தால் உட்காரலாம்.

எங்கள் வட்டாரத்தில் பழம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் வண்டி சங்கிலி அறுந்து இடப்பக்கக் கூடு வெடித்தது. அவருடைய மகள் பட்டணத்தில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. இரண்டு தடவை பசை வைத்தும் நிற்கவில்லை. மாற்று எஞ்சின் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். கடைசியில் அவர் பட்டணத்துக்கு வெளியே தொழில் நடத்தும் ஓர் இளைஞரிடம் போனார். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் என்பதால் நானும் உடன் போனேன்.

அவர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பசை வைக்காம நேரா வந்திருந்தா அரை நாள் வேலை. இப்ப ரெண்டு நாளாகும்" என்றார். எஞ்சினை முழுவதும் பிரித்துக் கொண்டுவரச் சொன்னார். தாங்கியும் எண்ணெய் அடைப்பு ரப்பர்களும் கூட்டில் இருக்கக்கூடாது என்றார். இரும்புத் தாங்கியைச் சுத்தியால் அடித்து எடுக்க வேண்டியதில்லை. கூட்டைச் சூடாக்கினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் தாங்கி தானே கழன்று வரும்.

பிறகு நடந்ததை முழுவதும் நின்று பார்த்தேன். கூட்டைச் சோப்பு நீரில் கழுவி, ஒரு பழைய அடுப்பில் 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தார். ஊறியிருந்த எண்ணெய் வியர்வை போல வெளியே வந்தது. (தீபாவளிக்குப் பிஸ்கட் சுடும் அடுப்பை இதற்குக் கேட்டு வீட்டில் சண்டை இழுத்துக்கொள்ள வேண்டாம், இந்த அடுப்பு தனி.) விரிசலின் இரண்டு முனைகளிலும் 3 மி.மீ. அளவில் ஒவ்வொரு துளை போட்டார். துணியில் கிழிசல் ஓடாமல் முனையில் தையல் போட்டு நிறுத்துவது போல, விரிசல் மேலே ஓடாமல் அந்தத் துளை நிறுத்தும். பின்னர் விரிசல் நெடுக வாய்க்கால் போலச் சரிவாகக் குடைந்தார். இரும்பு அரைத்த சக்கரத்தை அதில் படவிடவில்லை. கம்பித் தூரிகையும் அலுமினியத்துக்கென்று தனியாக வைத்த எவர்சில்வர் தூரிகை. பசை ஊறிய ஓரங்களை வெட்டியபோது ஐம்பது காசு அளவுக்குப் பொத்தல் விழுந்தது. வேறொரு பழைய கூட்டிலிருந்து அதே கனத்தில் துண்டு வெட்டிப் பொருத்தினார்.

முதல் பற்றவைப்பு கறுப்பாகக் கொப்புளித்தது. உடன் வந்தவரின் முகம் வாடிவிட்டது. அவரோ அலட்டிக்கொள்ளாமல் அதைக் குடைந்து எடுத்துவிட்டு மீண்டும் போட்டார். மூன்றாவது முறை வெள்ளி நாணயம் அடுக்கியது போல வந்தது. ஒரேயடியாக நீளமாகப் போடாமல் அரை அங்குலம் போடுவதும் ஆறவிடுவதுமாக இருந்தார். கூட்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டிய நிலையிலேயே பற்றவைத்தது, சேரும் முகம் கோணிப் போகாமல் இருப்பதற்காக. முடிந்ததும் கம்பளி போன்ற துணியால் மூடி மெல்ல ஆறவிட்டார். குளிர்ந்த நீரை ஊற்றும் அவசரக்காரர்கள் கையில் இந்த வேலை புது விரிசலைத்தான் தரும். மறுநாள் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் மென்மையான உப்புத்தாளை வைத்துக் கூட்டின் முகத்தை வட்டமாகத் தேய்த்துச் சமன் பார்த்தார்.

அந்தப் பெண் தேர்வு எழுதப் போனது அந்த வண்டியில்தான்.

பற்றவைப்புத் தொழில் என்றால் கதவு கிராதி செய்வது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகங்களில் இது முறையான ஒரு துறை. மலேசியத் திறன் சான்றிதழில் முதல் மூன்று நிலைகளும் அதற்கு மேல் டிப்ளோமாவும் உண்டு. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடங்கிக் கிடக்கும் பையன், நான் பார்த்த அந்த இளைஞரைப் போல, கண்ணுக்குத் தெரியாத தோலோடு மல்லுக்கட்டும் வேலையில் பிரகாசிக்கக்கூடும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்ட மாணவர் அவர்.

எச்சரிக்கை சில

எஞ்சின் எண் கப் வகை வண்டிகளில் இடப்பக்கக் கூட்டின் அடிப்பகுதியில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி அறுந்தால் அடிபடுவதும் அதே பாதிதான். பழுது பார்க்கும்போது அந்த எண்ணின்மேல் அரமோ சக்கரமோ படக்கூடாது. பட்டறைக்காரரிடம் முன்னதாகவே சொல்லி, எண்ணைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் அழிந்த வண்டி சாலைச் சோதனையில் திருட்டு வண்டியாகத் தோன்றும். வேறு கூடோ வேறு எஞ்சினோ மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை மாற்ற வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று எங்கிருந்து வந்ததென்று தெரியாத எஞ்சினை வாங்கிப் பூட்டி வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கூட்டை மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பதை நான் ஆதரிப்பதற்குப் பணம் மட்டும் காரணமன்று.

புட்டியில் வரும் பிரேக் துடைப்பான் திரவங்கள் சிலவற்றில் குளோரின் கலந்திருக்கும். அதனால் துடைத்த இடத்தைப் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். உயிருக்கே ஆபத்து. கூட்டை அந்தத் திரவத்தால் கழுவியிருந்தால் மறைக்காமல் பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஈயம் அல்ல என்றேன், அலுமினியமும் அல்ல. மரம் அறுக்கும் சில சங்கிலி ரம்பங்களின் கூடும், பழைய வோக்ஸ்வேகன் வண்டு காரின் எஞ்சின் கூடும் மக்னீசியக் கலப்பு உலோகம். அதன் தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. இன்னும் மூர்க்கமாக எரியும். சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டுக் காடி விடுங்கள். மக்னீசியமானால் நுரைத்துப் பொங்கும். அலுமினியம் சும்மா இருக்கும்.

பழுது பார்த்த வண்டி வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் தாளில் வட்டமாகத் தெரியும். எந்த இடத்துக்கு நேர் கீழே என்பதும் தெரியும். அன்றே சங்கிலியையும் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆட வேண்டும். அதைவிட மிகுதியாகத் தொங்கினால் இழுத்துக் கட்டுங்கள். இழுத்துக் கட்ட இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தால், பல்சக்கரங்களோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.